கொச்சி பினாலேயில் உங்களை நகரவிடாமல் நிறுத்திய ஒன்று எது?

தறிக்காரர் மகள், கோவை

ஓவியம், சிற்பம் எல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கு அதில் ஒன்றும் தெரியாது என்றுதான் 2017 பொங்கல் வரைக்கும் நினைத்திருந்தேன். அந்தப் பொங்கலுக்கு மறுநாள் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த நாள் சாயங்காலம்தான் ரயில், அதுவரை மண்டபத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று நானும் வீட்டுக்காரரும் ஜெட்டியில் படகேறி ஃபோர்ட் கொச்சிக்குப் போனோம். சீன வலை பார்ப்பது, மீன் சாப்பிடுவது, அவ்வளவுதான் திட்டம். வழியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் வாசலில் கூட்டம். காலேஜ் பிள்ளைகள், பர்தா போட்ட அம்மாக்கள், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு லுங்கியில் ஒரு பெரியவர். என்ன விசேஷம் என்று கேட்டால் பினாலே, பெரிய கலைக் கண்காட்சி என்றார்கள். அன்று திங்கட்கிழமை, டிக்கெட் கிடையாது. நோட்டு செல்லாது என்று அறிவித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கையில் இருந்த நாலைந்து நூறு ரூபாய்த் தாளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம், அதனால் இலவசம் என்றதும் உள்ளே நுழைந்துவிட்டோம்.

பழைய வெள்ளைக்காரக் கம்பெனிக் கட்டடம் அது. மிளகும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த இடம். அதில் ஒரு நீளமான கிடங்குக்குள் கடல் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினால் முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீர். பக்கச் சுவர்களில் ஆங்கிலத்தில் சின்னச் சின்னக் கேள்விகள், உனக்குக் கேட்கவில்லையா, நீ பார்க்கவில்லையா என்கிற மாதிரி. கடைசிச் சுவரில் ஒரு கவிதை. தூரத்தில் இருந்து அதைப் படிக்க முடியாது, தண்ணீரில் நடந்து போய்த்தான் ஆகவேண்டும்.

சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா செய்தது. துருக்கிக் கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை 2015-இல் எல்லோரும் பார்த்தோம் இல்லையா, அவனுடைய அண்ணன் காலிப்பும் அதே படகில் போய் அதே இரவு இறந்தவன். ஐந்து வயது. அவனுக்கு அப்படி ஒரு படம் இல்லை, உலகம் அவனைப் பார்க்கவே இல்லை. அந்தப் பையனுக்காகத்தான் அந்த அறை. நான் அவனுக்கு அப்பா இல்லை, ஆனாலும் அவன் என் பிள்ளை என்கிற பொருளில் கவிதை முடிகிறது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போது அந்த லுங்கிப் பெரியவர் பக்கத்தில் வந்து நின்று, எந்தா எழுதியிருக்குந்நே என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், பாதி தமிழைக் கலந்து சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பையன் பேர் என்ன என்று மட்டும் கேட்டார். காலிப் என்றேன். அவர் அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அதுவரை தண்ணீரை உதைத்து விளையாடிக்கொண்டிருந்த பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். திரும்பி வாசலுக்குப் போகும்வரை இறக்கவே இல்லை.

பிற்பாடுதான் சூரிட்டாவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைதாகி ஒரு கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர். 1982-இல் நியூயார்க் வானத்தில் விமானப் புகையால் கவிதை எழுதினார், 1993-இல் அட்டகாமா பாலைவன மண்ணில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வரியைத் தோண்டி எழுதினார். இதெல்லாம் எதுவும் தெரியாமல்தான் அந்தத் தண்ணீரில் நின்றேன். தெரிந்திருக்கவேண்டிய அவசியமும் அன்று இல்லை.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். பார்த்ததை எல்லாம் பட்டியல் போடவேண்டாம், ஒன்றே ஒன்றை எழுதுங்கள்.


நாட்டு மருந்து, திண்டுக்கல்

அக்கா, எனக்குக் கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்கில்தான் பட்டது. உங்களுக்கு முந்தைய பினாலே, 2014-இல் தொடங்கியது. அப்பாவுக்கு எர்ணாகுளத்தில் கண் ஆஸ்பத்திரி வேலை, அது முடிந்து கூட்டிப்போயிருந்தேன். பெப்பர் ஹவுஸ் என்று கடலைப் பார்த்தாற்போல ஒரு ஓட்டுக் கட்டடம், நடுவில் பெரிய முற்றம். படி ஏறும்போதே அப்பா நின்றுவிட்டார். குங்கிலியம்டா, என்றார். எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை, மூன்று தலைமுறையாக. அவருக்கு அந்த வாசனை தப்பாது.

உள்ளே இயேசுவும் சீடர்களும். ஏதோ பழைய கோயிலில் இருந்து பெயர்த்துக்கொண்டு வந்த சிலைகள் மாதிரி காலம் ஏறிய உருவங்கள். மரம் என்றுதான் நான் நினைத்தேன். மரம் இல்லை, சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் பட்டைப் பொடியும் மூலிகையும் சேர்த்துப் பிசைந்து வார்த்தவை. செய்தவர் பெனிதா பெர்சியாள், திருவண்ணாமலையில் பிறந்து சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்.

அப்பா தொடவில்லை. தொடக்கூடாது என்று பலகை இருந்தது, அதை மதித்தார். ஆனால் ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார். இதில் லவங்கப்பட்டை இருக்கு. இதில் கிராம்பு தூக்கலா இருக்கு. இது போளம், ஒரு கிலோ என்ன விலை விற்குது தெரியுமா, இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்! அங்கே காவலுக்கு நின்ற பையன் முதலில் சந்தேகமாகப் பார்த்தான், கொஞ்ச நேரத்தில் அப்பா பின்னாலேயே நடந்து வந்து கேட்க ஆரம்பித்துவிட்டான். ஒரு மாதமாக அந்த அறையில் நிற்கிறானாம், இதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துச் சொன்ன முதல் ஆள் இவர்தானாம்.

எங்கள் கடையில் இருந்துதான் பக்கத்து சர்ச்சுக்குக் குந்திரிக்கம் போகும். குழந்தை இயேசுவுக்கு மூன்று ஞானிகள் பொன்னோடு சாம்பிராணியும் போளமும் கொண்டுவந்தார்கள் என்று பாதிரியார் சொல்லி அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பொருளிலேயே அவர் உருவத்தைச் செய்திருக்கிறாள் பாரு, என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிப் போன பழைய துறைமுகம் முசிறி அந்தப் பக்கம்தான், இயேசுவின் சீடர் தோமா வந்து இறங்கியதாகச் சொல்வதும் அங்கேதான். சாமியும் சரக்கும் ஒரே கப்பலில் வந்த கரையில் அந்தச் சிலைகள் நின்றன. இதை எந்தப் பலகையும் எங்களுக்குச் சொல்லவில்லை, ரயிலில் திரும்பும்போது நானும் அப்பாவும் பேசிப் பேசிச் சேர்த்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த உற்சாகத்தில் சில மாதம் கழித்து அப்பாவைச் சென்னையில் ஒரு கேலரிக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். வேட்டி கட்டிய மனிதரைப் பார்த்ததும் யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்கள். படம் பார்க்க வந்தோம் என்றேன். உள்ளே விட்டார்கள், ஆனால் ஒருவர் இரண்டடி தள்ளி எங்களோடேயே நடந்து வந்தார். அப்பா ஐந்து நிமிடத்தில் போகலாம்ப்பா என்றார். கொச்சியில் எங்களை யாரும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த பினாலேவுக்கும் கேட்டு வந்தார். போனதும் நேராகப் பெப்பர் ஹவுஸ் போய், அந்த மணக்கிற அறை எங்கேடா என்றார். அது போன தடவைப்பா, இப்போது வேறு ஆட்கள் என்று சொன்னேன். கலைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. முற்றத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.


வன்னிக்காற்று, ஸ்காபரோ

தம்பி, உங்கட அப்பாவின்ர கதையை வாசிச்சுப்போட்டுத்தான் எழுத வந்தேன்.

நானும் 2016 பினாலேயைத்தான் பார்த்தேன். திருச்சியில் இருக்கிற அண்ணா குடும்பத்தைப் பார்க்கப் போன இடத்தில், மருமகள் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் அறைக்கு நான் போகவில்லை. வாசலில் என்ன என்று கேட்டறிந்ததும் கால் வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னை நிறுத்தியது ஒரு அலுமாரி. முந்தி நூலகங்களில் அட்டைகள் அடுக்கி வைக்கிற சின்னச் சின்ன லாச்சிகள், அதாவது இழுப்பறைகள், உள்ள அலுமாரி இருக்குமே, அதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன் செய்தது. போர்க்காலத்தில் சனம் எப்படிச் சமாளித்தது, எப்படி விட்டுக்கொடுக்காமல் இருந்தது என்ற கதைகள் அந்த லாச்சிகளுக்குள். யாழ் நூலகம் எரிந்தது 1981-இல். அதனால் நூலக அலுமாரியைக் கண்டதுமே எங்கட ஆட்களுக்கு நெஞ்சு ஒருக்கால் நிற்கும். இழுத்துத் திறக்கிறபோது கை நடுங்கியது உண்மை.

நான் எல்லாவற்றையும் வாசிக்கவில்லை. இரண்டு மூன்று திறந்ததும் என்ர சொந்த லாச்சிகள் திறக்கத் தொடங்கிவிட்டன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் பஞ்சும் வைத்து அந்த வெளிச்சத்தில் பள்ளிக்கூடத்து ஓ எல் சோதனைக்குப் படித்தது. இதையெல்லாம் நாங்கள் கஷ்டம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். அந்த அலுமாரிக்குப் பெயர் எதிர்ப்பு என்ற சொல்லோடு வருகிறது. அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கு செய்ததை எதிர்ப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்ப நினைக்கிறேன்.

அவர் அதற்கு முதல் செய்த இன்னொரு வேலை, தோம்பு பற்றியது. தோம்பு என்றால் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேரிடம் அவரவர் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவில் இருந்து கீறச் சொல்லி, அதை வைத்துச் செய்த புத்தகம், 2011-இல் வந்தது. கனடா திரும்பியதும் அம்மாவிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து எங்கட வீட்டைக் கீறச் சொன்னேன். முதலில் கிணற்றைக் கீறினா. பிறகு மாமரம், குசினி, ஆட்டுக்கொட்டில், அயலட்டை வேலியில் ஆட்கள் புகுந்து போக இருந்த பொட்டு கூட. வீட்டுக்கு வாசல் வைக்கவில்லை. நான் சொல்லிக் காட்டவும் இல்லை.


அடையாற்றுக் கரை, சென்னை

எனக்கு வேறு மாதிரி. பிடிக்காமல் வெளியே வந்த அனுபவம், அதையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

2018 பினாலே, அனிதா துபே பொறுப்பில் நடந்தது, பினாலேவுக்கு வந்த முதல் பெண் கியூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை அமைப்பவர். அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் பெருவெள்ளம். வங்கதேசத்துக் கலைஞர் மார்சியா ஃபர்ஹானா, வெள்ளத்தில் நாசமான வீடுகளில் இருந்து ஃபிரிட்ஜ், மேசை, புத்தகம் என்று சாமான்களைச் சேகரித்து அறைக்குள் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் அந்தரத்தில். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் அடையாறு வந்தபோது, மாடிப்படியில் நின்று கீழே பார்த்தால் ஃபிரிட்ஜ் ஒரு பெரிய மீன் மாதிரி மல்லாந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் நுழைந்ததும் அதே சேற்று நாற்றம் வந்தது. அங்கே உண்மையிலேயே நாற்றம் இருந்ததா, என் மண்டைக்குள் வந்ததா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

யாரோ ஒருவருடைய ஃபிரிட்ஜுக்குக் கீழே நின்று பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக வந்தது. ஒருத்தர் வீட்டு நஷ்டத்தைப் பொருட்காட்சி ஆக்கலாமா என்று மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் வேறு சொன்னாள். நம் சாமானை எல்லாம் கார்ப்பரேஷன் லாரியில் அள்ளிப் போட்டோமே, யாராவது இப்படி எடுத்துக் காட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றாள். நாங்கள் இன்றுவரை இதில் ஒத்துப்போகவில்லை.


தறிக்காரர் மகள், கோவை

எல்லோருக்கும் நன்றி. சார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் உங்கள் மனைவி பக்கம். காலிப்புக்கு ஒரு அறை கிடைத்ததால்தான் ஃபோர்ட் கொச்சியில் ஒரு பெரியவருக்கு அவன் பேர் தெரிந்தது. செல்ஃபி எடுத்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார்கள். அக்கா, அம்மா கீறிய அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள், இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

எப்படிப் போவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு. கோவையில் இருந்து எர்ணாகுளம் ரயிலில் நாலு மணி நேரம்தான், சென்னைக்காரர்கள் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போனதும் உண்டு, டிசம்பரில் ஆரம்பித்து மார்ச் வாக்கில் முடியும், முதல் பினாலே தொடங்கிய 12-12-2012 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் மாதம் மறக்காது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் போகாதீர்கள், நாங்கள் போனபோது ஆஸ்பின்வால் ஹவுஸுக்கே ஒரு நாள் வேண்டியிருந்தது. நடக்கச் சுலபமான, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது, கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய ஓவியர் கிராமம். அங்கே மரத்தடியில் நிற்கும் சிற்பங்களைக் குழந்தைகளோடு போய்ப் பார்க்கலாம்.

2014-இல் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. அந்த வருடம் ஆஸ்பின்வால் ஹவுஸில் சிற்பி அனிஷ் கபூர் தரைக்குள் ஒரு நீர்ச்சுழலை உருவாக்கி வைத்திருந்தார், ஜன்னலுக்கு வெளியே கடல், உள்ளே தரையில் ஓயாமல் சுழன்று இறங்கும் தண்ணீர். வீடியோ பார்த்தேன், அதில் சத்தம் சரியாகப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றால் கால் தரையில் அதிர்ந்ததா? நின்றவர்கள் வந்து எழுதுங்கள்.