வைரத்தின் 'ஃபேசட்': முகமா, பலகையா, பட்டையா?

காட்பாடி அறிவியல் ஆசிரியை, செவ்வாய் இரவு

குழு நண்பர்களுக்கு வணக்கம். வைரத்தைத் தேய்த்து உண்டாக்கும் ஒவ்வொரு தட்டையான பக்கத்தையும் ஆங்கிலத்தில் 'ஃபேசட்' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதற்கு எனக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வைரத்தைப் பற்றிப் பன்னிரண்டு அட்டைகள் தயார் செய்கிறார்கள். வெள்ளி ஐந்து மணிக்கு மேல் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன் என்று அச்சுக்கடைக்காரர் சொல்லிவிட்டார்.

இந்தத் தலைப்பைக் கொடுத்தது நான்தான். கோடை விடுமுறையில் பெல்ஜியத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆண்ட்வெர்ப்பில் டீவா என்ற அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனாள். வைரம், வெள்ளி, நகைத்தொழில் எல்லாம் சேர்ந்த இடம், 2018இல் திறந்தது. கண்ணாடிக்குள் இருந்த நகைகளைவிட, அவற்றை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் என்னை இழுத்தது. மறுநாள் தங்கைக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கும் போனோம். வார்ப்பிரும்புச் சக்கரம் சுற்றுகிறது, மேலே வைரப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவியிருக்கிறார்கள். வைரத்தை வைரம்தானே தேய்க்கும்! அங்கே இருந்த பெரியவர் கல்லைச் சக்கரத்தில் வைப்பார், எடுப்பார், கட்டைவிரலால் எண்ணெயைத் துடைப்பார், லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பார், மறுபடி வைப்பார். ஒரே ஒரு சின்ன முகத்துக்கு இத்தனை பாடு.

பாருங்கள், 'முகம்' என்று நானே எழுதிவிட்டேன். ஆனால் அதுதான் சரியான சொல்லா என்று தெரியவில்லை. இப்போது பரவலாக இருக்கும் வட்ட வெட்டு வைரத்தில் இப்படி 57 உண்டு. அடி முனையையும் தேய்த்துவிட்டால் 58. ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் இருக்கவேண்டும் என்று ஆண்ட்வெர்ப்பில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்குப் போட்டு எழுதினார். அந்தக் கோணம் சரியாக இருந்தால்தான் மேலே நுழைந்த ஒளி உள்ளேயே திரும்பித் திரும்பி மேல்வழியாகவே வெளியே வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழு அக எதிரொளிப்பு தெரியும், அதனால் அந்த அட்டை சுலபமாக முடிந்தது. 'ஃபேசட்' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறோம். அப்படியே ஃபேசட் என்று எழுதினால் மனப்பாடம் செய்வார்கள், கல்லைப் பார்க்கமாட்டார்கள்.

கூடவே இன்னொன்று. கல்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் அந்த மெல்லிய சுற்று விளிம்பை 'கர்டில்' என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

ஆரணி தமிழாசிரியர் (ஓய்வு), புதன் காலை

அம்மா, புதிதாகச் சொல் ஆக்கவே வேண்டாம். நம்மிடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது இளங்கோ வைரத்தின் குற்றங்களைச் சொல்கிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. அந்த இடத்துக்கு உரை சொல்லும்போது அடியார்க்குநல்லார் வைரத்தின் குணங்களையும் தருகிறார். பலகை எட்டு, கோணம் ஆறு, அப்புறம் தாரை. பலகை என்றால் தட்டையான பக்கம், கோணம் என்றால் முனை, தாரை என்றால் விளிம்பு. ஃபேசட் என்பது பலகை. வேலை முடிந்தது.

கர்டிலுக்கு மேகலை. இதைவிட அழகான சொல் கிடைக்காது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அட்டைகளில் 'வைரம்' என்று எழுதாமல் 'வயிரம்' என்று எழுதச் சொல்லுங்கள். வச்சிரத்திலிருந்து வந்தது என்பார்கள், நான் ஒப்பவில்லை. மரத்தின் நடுவே இறுகிக் கிடக்கும் பகுதியையும் வயிரம் என்றுதானே சொல்கிறோம்? 'அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பியம். அந்தக் காழ்தான் வயிரம். காழ் என்பது மணிவடத்துக்கும் பெயர். மரத்திலும் மணியிலும் ஒரே சொல் ஓடுகிறது என்றால் அது இந்த மண்ணின் சொல். காழ், காய், காய்ப்பு, கையில் காய்த்துப்போவது, கருங்காலி வரை இதைத் தொடர்ந்து போகலாம். நேரம் கிடைக்கும்போது தனி மடல் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை பொறியாளர், புதன் மதியம்

ஐயா, எட்டுப் பலகை ஆறு கோணம் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மண்ணிலிருந்து எடுக்கும் வைரப் படிகம் பெரும்பாலும் எண்முகி வடிவம். எட்டு முகம், ஆறு முனை, பன்னிரண்டு விளிம்பு. பழைய ஆள்கள் கல்லைக் கையில் வைத்து எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அதனாலேயே பலகையை ஃபேசட்டுக்குக் கொடுக்கக்கூடாது. அவர்கள் எண்ணியது இயற்கையாக அமைந்த முகங்களை. ஆசிரியை கேட்பது சக்கரத்தில் தேய்த்து மனிதன் உண்டாக்கியதை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அடுத்த அட்டையிலேயே குழப்பம் வரும். 'முகம்' வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். கனசதுரத்துக்கு ஆறு முகம் என்று கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.

'தீட்டுமுகம்' என்று வைத்தால் என்ன?

குடியாத்தம் நகைத்தொழிலாளி, புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிக்கிறவன், எழுதுகிறவன் அல்ல. இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன். எங்கள் அப்பா உமியோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழல் ஊதியவர். நான் வேலூரில் ஒரு கடைக்குக் கல் பதித்துக் கொடுக்கிறேன்.

பட்டை தீட்டுவது என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அந்தப் பட்டைதான் டீச்சர் கேட்கும் சொல். தேய்த்து உண்டாக்கிய ஒவ்வொரு தட்டையான இடமும் ஒரு பட்டை. திறமையைப் பட்டை தீட்டுவது என்று மேடையில் பேசிப் பேசி, பட்டை என்பது ஒரு பொருள் என்பதே மறந்துவிட்டது. கடையில் இப்போது 'கட்டிங்' என்றுதான் சொல்கிறார்கள், உண்மை. ஆனால் வயதானவர்கள் தோடு வாங்க வந்தால் 'கல்லில் பட்டை நல்லா விழுந்திருக்கா பாருப்பா' என்றுதான் கேட்பார்கள்.

முகப்பு என்று மட்டும் யாரும் வைத்துவிடாதீர்கள். தாலிச் சங்கிலியில் பக்கத்தில் வைக்கும் வில்லைக்கு முகப்பு என்று பெயர். மேகலையும் எனக்குச் சரியாகப் படவில்லை. மேகலை தொங்குகிற நகை. கல்லின் கர்டில் தொங்காது, இறுக்கிப் பிடித்தமாதிரி இருக்கும். நகை பெயர்தான் வேண்டும் என்றால் ஒட்டியாணம் என்று வையுங்கள். அந்த விளிம்பு ரொம்ப மெல்லிசாக இருந்தால் பதிக்கும்போது பிடி அழுத்தி மூளி விழும். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ஆரணி தமிழாசிரியர், வியாழன் அதிகாலை

தம்பி எழுதியது மகிழ்ச்சி. தொழில் செய்கிறவர் வாயில் இருக்கும் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் பட்டையை ஏற்கமாட்டேன். பட்டம், பட்டயம், பட்டை எல்லாம் வடமொழிப் 'பட்ட' வழி வந்தவை. போதாததற்கு, பட்டை என்றால் பிள்ளைகளுக்கு என்ன தோன்றும்? மரப்பட்டை, நெற்றியில் பட்டை, ஆம்பூர் பிரியாணியில் போடும் பட்டை.

சோளிங்கர் கல்வெட்டு ஆர்வலர், வியாழன் காலை

ஐயா, பலகை மட்டும் எப்படித் தப்பிக்கும்? வடமொழி இரத்தின நூல்களிலும் 'பலக' என்ற சொல் இருக்கிறதே. தட்டை, பட்டை இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பட்டை தமிழ்தான் என்று நானும் ஒரு பக்கம் எழுதமுடியும். எழுதவில்லை, வெள்ளிக்கிழமை வருகிறது.

நான் சொல்லவந்தது வேறு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரவாடி. முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்கு எடுத்த குடைவரை. தூண்களைப் பாருங்கள்: கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் நான்கு மூலையையும் செதுக்கி எட்டாக்கியிருப்பார்கள். கல்தச்சர்கள் அந்த அமைப்பை எட்டுப்பட்டை என்பார்கள். ஆய்வாளர்கள் எண்முகக் கட்டு என்று எழுதுவார்கள். ஆக, கல்லை வெட்டித் தட்டையாக்கிய பக்கத்துக்குப் பட்டை என்ற சொல் நம் மாவட்டத்திலேயே கல்லில் நிற்கிறது. பாறையோ வைரமோ, மூலையைக் கழித்தால் விழுவது பட்டை.

ஒருமுறை மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே போயிருந்தேன். வெயில் சாய்வாக விழுந்து ஒரே தூணில் ஒரு பட்டை வெள்ளையாக, அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது கறுப்பாக இருந்தது. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம், செலவு பேருந்துக் கட்டணம்தான்.

ஆற்காடு வரலாற்று ஆசிரியர், வியாழன் மதியம்

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். வைரக் கண்காட்சி, அதுவும் வடாற்காட்டில் நடக்கிறது, ஆற்காட்டு வைரங்களுக்கு ஒரு அட்டைகூட இல்லையா? நம் ஊர்ப் பெயரிலேயே உலகம் அறிந்த இரண்டு கற்கள் இருக்கின்றன. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்குக் கொடுத்தவை. வாலாஜாபேட்டைக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். இரண்டும் பேரிக்காய் வடிவம். பின்னால் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்துக்குப் போய், 1959இல் ஹாரி வின்ஸ்டன் என்ற நியூயார்க் நகை வணிகர் கைக்கு வந்தன.

உங்கள் சொல்லுக்கும் இதில் வேலை இருக்கிறது. அவர் அவற்றை மறுபடி பட்டை போட்டார். 33.70 கேரட்டாக இருந்த கல் 30.99 ஆனது. 23.65 இருந்தது 18.85 ஆனது. கோகினூரும் அப்படித்தான்: 1852இல் லண்டனில் மறுபடி வெட்டியதில் சுமார் 186 கேரட் 105.6 ஆகச் சுருங்கியது. ஒளியைக் கூட்ட எடையைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. தீட்டுமுகம் என்று சொன்னால் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

அப்புறம், கேரட் என்பதற்கு மஞ்சாடி என்று வைக்கலாமே? தென்னிந்தியாவில் வைரத்தை நிறுக்கப் புழங்கிய எடை அதுதான். அயல்நாட்டு வணிகர்கள் மாஞ்செலின் என்று எழுதிவைத்தார்கள்.

ராணிப்பேட்டை பொறியாளர், வியாழன் மாலை

மஞ்சாடி வேண்டவே வேண்டாம். கேரட் என்பது இன்று சரியாக 0.2 கிராம். மஞ்சாடி விதை அப்படி இருக்காது. அளவுப் பெயரை மொழிபெயர்க்கக்கூடாது.

தீட்டுமுகத்தைத் திரும்பப் பெறுகிறேன். எட்டுப்பட்டைத் தூண் என்னை மாற்றிவிட்டது. இயற்கை முகத்துக்குப் பலகை, வெட்டிய முகத்துக்குப் பட்டை என்று பிரித்தால் ஆரணி ஐயா சொல்லும் வீணாகாது. வைரத்தை அந்த எண்முகியின் முகங்களுக்கு இணையாகத்தான் ஒரே தட்டில் பிளக்கமுடியும். மரத்தைப் பிளந்தால் பலகை வருவதுபோல.

ஆரணி தமிழாசிரியர், வியாழன் இரவு

பிளவு பற்றிச் சொன்னீர்களே, அதுதான் வேர். பல், பால், பள், பிள. ஒன்று பலவாவது, பகுப்பது, பிரிவது. பலகை என்பதே பிளந்து கிடைத்தது. வடமொழிதான் நம்மிடம் வாங்கியது என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பாதிச் சொத்தை மட்டும் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தவேண்டாம். பலகை இருக்கும்போது பட்டை எதற்கு? வெட்டு வைரத்துக்குத் தீட்டிய பலகை, வெட்டாததற்கு வெறும் பலகை என்று சொன்னால் போதுமே.

காட்பாடி அறிவியல் ஆசிரியை, வெள்ளி மதியம்

எல்லோருக்கும் நன்றி. இன்று முதல் பாடவேளையில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைச் சோப்பு ஒன்றை வாங்கிப்போய், எந்தச் சொல்லும் சொல்லாமல், மூலையைக் கத்தியால் சீவினேன். 'இப்போ என்ன ஆச்சு?' என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த பெண் 'பட்டை விழுந்திருக்கு மிஸ்' என்றாள். அவள் அப்பா தச்சுவேலை செய்கிறவர். இன்னொரு பையன் 'சப்பையாயிடுச்சு' என்றான். பலகை என்றோ முகம் என்றோ யாரும் சொல்லவில்லை. பலகை என்ற சொல்லை நானே எழுதிக் காட்டியபோது எல்லோரும் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதனால் பட்டை என்று கொடுத்துவிட்டேன். 'இந்த வைரத்தில் 57 பட்டைகள். மேல்பாதியில் 33, கீழ்ப்பாதியில் 24' என்று அட்டை போகிறது. வெட்டாத கல்லின் அட்டையில் 'எட்டுப் பலகை, ஆறு கோணம்' என்று ஆரணி ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது, சிலப்பதிகார உரையின் பெயரோடு. ஆற்காட்டு வைரங்களுக்குப் பதின்மூன்றாவது அட்டை சேர்த்தேன், அச்சுக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். கர்டிலுக்கு மேகலையும் இல்லை ஒட்டியாணமும் இல்லை, 'இடை' என்று மட்டும் போட்டேன். இடைப்பட்டை என்று எழுதியிருந்தால் அதையும் ஒரு பட்டையாக எண்ணியிருப்பார்கள்.

ஆரணி தமிழாசிரியர், வெள்ளி மாலை

என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும் அம்மா. அட்டை அச்சாகிவிட்டது என்பதால் சொல் முடிவாகிவிட்டது என்று ஆகாது. அந்தத் தச்சர் மகளிடம், எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். அகக்காழ், புறக்காழ் பற்றி அவளுக்குச் சொல்லவேண்டும்.

அப்புறம், 58ஆவதாக வரும் அந்த அடி முனைக்கு என்ன பெயர் கொடுத்தீர்கள்? மடலில் காணோம். இளங்கோ 'நுழைநுண் கோடி' என்கிறார். கோடி என்று வையுங்கள்.

குடியாத்தம் நகைத்தொழிலாளி, வெள்ளி இரவு

ஐயா, வைரத்துக்குப் பக்கத்தில் கோடி என்று எழுதினால் விலை என்றுதான் படிப்பார்கள். நாங்கள் அடிமுனை என்போம். நல்ல கல்லில் லென்ஸ் வைத்தாலும் அது கண்ணுக்குத் தட்டுப்படாது.