2 ஜிபி ரேம் லேப்டாப்புக்கு லினக்ஸ் போடலாமா?

திருவாரூரான்:
பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 நகரவே மாட்டேன் என்கிறது, அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தங்கை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். பிடிஎஃப், யூடியூப், கொஞ்சம் தமிழ் டைப்பிங், அவ்வளவுதான். விண்டோஸுக்குப் பதிலாக லுபுண்டு என்ற லேசான லினக்ஸ் சரிவருமா?

பென்குயின் பாண்டி:
தாராளமாகப் போடுங்கள். ஆனால் 2 ஜிபிக்கு லுபுண்டுவை விட ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் நல்லது. ஐஸ்டபிள்யூஎம் என்ற குட்டி விண்டோ மேனேஜரில் ஓடுவதால் ரேமை அதிகம் தின்னாது. பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் லைவாக ஓட்டி, வைஃபை, சவுண்ட், டச்பேட் மூன்றையும் பாருங்கள். பிறகு இன்ஸ்டால் செய்யலாம்.

ஊர்க்குருவி:
பாண்டி அண்ணே, டெஸ்க்டாப் லேசாகும், பிரவுசர் லேசாகுமா? யூடியூபோடு நாலு டேப் திறந்தால் 2 ஜிபி நிரம்பிவிடும். மிச்சம் மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ப் போய் வரும் (ஸ்வாப்), அப்புறம் மவுஸ்கூட நகராது. இந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்ததே, அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்? அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டியும் (வேகமான டிஸ்க்) கூடுதல் ரேமும் வாங்கலாம்.

பென்குயின் பாண்டி:
எந்தக் காசு தம்பி? லினக்ஸ் இலவசம்! ஸிராம் என்ற வசதியைப் போட்டால் நிரம்பும் தகவலை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்கு அவ்வளவாகப் போகாது. யூடியூப் திணறுவதற்குக் காரணம் வேறு. அது அனுப்பும், விபி9 முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் வசதி இந்தப் பழைய சிப்பில் கிடையாது, எல்லாம் பிராசசர் தலையில் விழுகிறது. எச்264 என்ற பழைய முறை வீடியோவை மட்டும் கேட்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டு, 480பி-யில் வைத்தால் பாடம் பார்க்கலாம்.

ஊர்க்குருவி:
இதையெல்லாம் தங்கையா செய்யப்போகிறாள்? அண்ணன் வெளியூரில் இருக்கும்போது வைஃபை போனால் யாரைக் கேட்பாள்? அவளிடம் வானவில் என்ற யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்த குறிப்புகள் வேறு இருக்கும்.

பென்குயின் பாண்டி:
எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்தால் லிப்ரேஆபிஸில் படிக்கலாம். வானவில் மென்பொருளில் டைப் செய்வதுதான் முடியாது. யூனிகோடில் அடிக்க தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே! வைஃபை விஷயம் நியாயம்தான், அதற்குத்தான் லைவாகப் பார்க்கச் சொன்னேன்.

திருவாரூரான்:
சரி, ஞாயிறன்று பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கிறேன். ரேம் கூட்டுவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ஊர்க்குருவி:
பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறங்கள். காலி ஸ்லாட் இருக்கிறதா, இருக்கும் ரேமின் ஸ்டிக்கரில் அதன் வகை டிடிஆர்3 என்று இருக்கிறதா, குறைந்த மின்னழுத்த வகையான டிடிஆர்3எல் என்று இருக்கிறதா எனப் பார்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். அதற்கு முன்னால் எதையும் வாங்க வேண்டாம்.