சுயமாகக் கற்ற டிரேடர் பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கலாமா?

சார்ட்_மாணவன்:

வணக்கம். ஏழு வருடமாகப் பங்குச் சந்தையில் டிரேடிங் செய்கிறேன். முதல் நான்கு வருடம் வேலைக்குப் போய்க்கொண்டே செய்தேன், கடைசி மூன்று வருடமாக இது மட்டும்தான். யாரிடமும் வகுப்புக்குப் போனதில்லை, நிதித்துறைப் படிப்பும் கிடையாது. பழைய விலைச் சார்ட்டில் பாதியை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த கேண்டில் (ஒரு நேரத்துண்டின் விலை நகர்வைக் காட்டும் கட்டை) எப்படி வரும், எங்கே நுழைவேன், எங்கே வெளியே வருவேன் என்று நோட்டில் எழுதிவிட்டு, பிறகு திறந்து பார்ப்பேன். இப்படியே ஆயிரக்கணக்கான சார்ட். முதல் இரண்டு வருடம் நஷ்டம். மூன்றாவது வருடம் கையைக் கடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் தவிர எல்லாமே லாபம்.

போன வருடம் நண்பர்கள் கேட்டார்கள் என்று ஒன்பது பேருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது கட்டணம் கொடுத்துச் சேர வெளி ஆட்களும் தயார். டிரேடிங் வருமானம் ஒரு மாதம் வரும், மூன்று மாதம் வராது. கட்டணம் என்றால் மாதாமாதம் வருமே என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. வகுப்பு எடுத்த அந்த நான்கு மாதத்தில் என் டிரேடிங் கெட்டுப்போனது. என் விதிக்கு வெளியே 11 டிரேட் எடுத்திருக்கிறேன், அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க மூன்றுதான். ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. இன்னொன்று, எந்தத் தகுதியில் நான் அடுத்தவரிடம் பணம் வாங்குவது? இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கரடி_மேடு:

நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் (முன்பேர ஒப்பந்தங்களில்) டே டிரேடிங் (அன்றே வாங்கி அன்றே விற்பது) தொடங்கியவர்களின் கணக்கை ஆராய்ந்திருக்கிறார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில். தைவானில் 1992 முதல் 2006 வரையிலான கணக்கைப் பார்த்ததில், செலவு போக வருடா வருடம் நம்பிச் சொல்லும்படி லாபம் எடுத்த டே டிரேடர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே.

உங்கள் வகுப்பில் உட்காரப் போகிறவர்களும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார்கள். கட்டணம் வாங்குவதற்கு முன்பே இதை அவர்களிடம் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எடுங்கள்.

பேரேடு:

தம்பி, நான் 16 வருடமாக டிரேட் செய்கிறேன், 9 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் கணக்கு எழுதும் வேலை. உங்களைப் போலத்தான், எனக்கும் ஆசிரியர் கிடையாது.

தகுதி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தத் தொழிலில் தானாகக் கற்றது ஒரு குறையே இல்லை. அந்தக் காலத்துப் பிரபல அமெரிக்க டிரேடர் ஜெஸ்ஸி லிவர்மோர் பாஸ்டனில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் பலகையில் விலை எழுதிப்போடும் பையனாகச் சேர்ந்தவர். நிக்கோலஸ் டார்வஸ் மேடை நடனக் கலைஞர். 1950களில் நாடு நாடாக ஆடப் போன இடங்களிலிருந்து தந்தி மூலமாகவே விலை கேட்டு ஆர்டர் போட்டார். ரிச்சர்ட் வைக்காஃப் 15 வயதில் எடுபிடிப் பையனாக உள்ளே வந்து, 1907ல் பத்திரிகை தொடங்கி, 1931ல் தன் முறையைப் பாடமாகவே நடத்தினார். ஆனால் லிவர்மோர் கதையை முழுசாகப் படியுங்கள். 1929 சந்தைச் சரிவில் அத்தனை பணம் எடுத்தவர் 1934ல் திவால் மனு கொடுத்தார். விதி தெரியாமல் அல்ல, எல்லாமே அவருக்குத் தெரியும். அதனால் எனக்கு ஒருவருடைய பட்டமும் புகழும் பெரிதில்லை. அவர் தன் விதியைப் பின்பற்றுகிறாரா என்று காட்டும் நோட்டுதான் முக்கியம். ஏழு வருட நோட்டு உங்களிடம் இருக்கிறதே, அதைத் தயங்காமல் காட்டலாம்.

இனி அந்த 11 டிரேடுக்கு வருகிறேன். இது எனக்கும் நடந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் கட்டண வகுப்பு, 14 பேர். சந்தை நடக்கும் நேரத்தில் என் திரையையே காட்டிப் பாடம் எடுத்தேன். அன்று ஒரு பங்கு வாங்கியிருந்தேன், விலை இறங்கி ஸ்டாப் லாஸுக்கு (நஷ்டத்தை நிறுத்த முன்பே குறித்துவைத்த விலைக்கு) பக்கத்தில் வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்திருந்தால் அது பாட்டுக்கு அடிபட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அன்று விடவில்லை. மவுஸைப் பிடித்து ஸ்டாப்பைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். இழுக்கும்போதே, "இதோ, இங்கே ஒரு சப்போர்ட் (விலை மேலும் இறங்காமல் தாங்கும் இடம்) இருக்கிறது பாருங்கள்" என்று வாய் தானாகக் காரணம் சொல்லியது. எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில், முதலில் திட்டமிட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு நஷ்டத்தில் வெளியே வந்தேன்.

அதோடு போகவில்லை. நான் வாங்கச் சொல்லவே இல்லை, ஆனால் நான்கு பேர் அதே பங்கை வாங்கியிருந்தார்கள். இரவு ஒருவரிடமிருந்து செய்தி: "அக்கா, நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களா?" நான் மதியமே வெளியே வந்துவிட்டேன். அவர் அப்போதும் பிடித்துக்கொண்டிருந்தார், நான் வைத்திருக்கிறேன் என்ற நம்பிக்கையில். அந்தச் செய்திக்குப் பதில் எழுத எனக்கு வெகுநேரம் ஆனது.

அதற்கப்புறம் என் டிரேடிங் நோட்டில் "வகுப்பு நாள்: ஆம்/இல்லை" என்று ஒரு பத்தி சேர்த்தேன். பழைய கணக்கு வேலைப் பழக்கம், எங்கே ஓட்டை என்று தெரியவில்லையென்றால் ஒரு பத்தி கூட்டிப் பார்ப்பேன். எட்டு மாதத்தில் 212 டிரேட். அதில் 47 வகுப்பு நாளில் எடுத்தவை. ஒரு டிரேடில் நான் இழக்கத் தயாராக இருக்கும் தொகையை ஒரு அலகு என்று வைத்தால், அந்த 47லும் சேர்த்து 9 அலகு நஷ்டம். மீதி 165ல் 38 அலகு லாபம். அதே ஆள், அதே விதி, அதே சந்தை.

எனக்குப் புரிந்தது இதுதான். நாலு பேர் முன்னால் "இது ஏறும்" என்று சொல்லிவிட்டால் அது கொடுத்த வாக்கு மாதிரி ஆகிவிடுகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது வேறு எங்கேயும் நல்ல குணம். இங்கே சார்ட் மாறிய அந்த நிமிடமே சொன்னதை விட்டுவிட வேண்டும், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி விடுவது கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கும் இதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நோட்டில் தேதியை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்போது வகுப்பு நாளில் புது டிரேட் எடுப்பதே இல்லை. வகுப்பில் இன்னும் முடியாத டிரேட் எதையும் காட்டுவதில்லை, முடிந்து மூன்று மாதமாவது ஆன டிரேடுகள் மட்டும்தான். அதையும் நானாகப் பொறுக்குவதில்லை, ஒரு மாதத்தை எடுத்தால் முதல் டிரேடிலிருந்து கடைசி வரை வரிசையாக. நல்லதாக நாலை மட்டும் எடுத்துக் காட்டினால் யார் வேண்டுமானாலும் மேதையாகத் தெரியலாம்.

கரடி_மேடு சொன்ன எண்களை, மாணவர்கள் சேர்வதற்கு முன்பே நான் அவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். கூடவே, போன வருடம் என் வருமானத்தில் எத்தனை சதவீதம் வகுப்பிலிருந்து, எத்தனை டிரேடிங்கிலிருந்து என்றும் சொல்லிவிடுவேன். "சம்பாதிக்கிறவர் ஏன் வகுப்பு எடுக்கிறார்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. எனக்கு அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது: கட்டணம் இருப்பதால் மோசமான மாதத்தில் வீட்டுச் செலவுக்காக டிரேடைத் தேடி ஓட வேண்டியதில்லை. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அமெரிக்க டிரேடர் ரிச்சர்ட் டென்னிஸை இந்த விஷயத்தில் அடிக்கடி நினைப்பேன். டிரேடிங்கைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியுமா என்று நண்பர் வில்லியம் எக்ஹார்ட்டோடு வாதம் வந்து, 1983ல் விளம்பரம் கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். இரண்டே வாரம் பாடம். அப்புறம் தன் பணத்தையே அவர்கள் கையில் கொடுத்து டிரேட் செய்யச் சொன்னார். மாணவர் தோற்றால் ஆசிரியரின் பணம் போகும். நம்மால் அதைச் செய்ய முடியாது. ஆனால் நம் வகுப்பில் மாணவர் தோற்றால் நமக்கு ஒன்றும் ஆகாது என்பதை மறக்கக்கூடாது.

சார்ட்_மாணவன்:

அக்கா, ரொம்ப நன்றி. இன்று இரவே தேதி வாரியாகப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். என் முறையில் 100க்கு 40 டிரேடுதான் ஜெயிக்கும். வரிசையாகக் காட்டினால் பாதிக்கு மேல் நஷ்டமாகத் தெரியுமே, இதைக் கற்றுக்கொள்ளவா வந்தோம் என்று நினைக்க மாட்டார்களா?

பேரேடு:

நினைப்பார்கள். அதனால் சார்ட்டுக்கே போகாமல் முதல் இரண்டு வகுப்பை இதற்கே ஒதுக்குகிறேன்.

ஒரு பையில் நாலு வெள்ளை மணி, ஆறு கறுப்பு மணி. பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும், எழுத வேண்டும், திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வைத்த தொகையைப் போல 2.2 மடங்கு லாபம். கறுப்பு வந்தால் வைத்தது போச்சு. 100 முறை எடுத்தால் சராசரியாக 88 வரவு, 60 செலவு, மிச்சம் 28. புரோக்கர் கட்டணமும் ஸ்லிப்பேஜும் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) இதில் போகும், அதையும் கழிக்கச் சொல்வேன். ஆளுக்கொரு கற்பனை முதலீட்டுத் தொகை கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வைப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

பை ஒன்றுதான், வருகிற மணியும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் முடிவு ஆளுக்கு ஆள் எங்கேயோ இருக்கும். போன முறை ஆறு கறுப்பு தொடர்ந்து வந்தது. முன் வரிசையில் ஒரு பெண், அதுவரை அழகாக 1 சதவீதமே வைத்து வந்தவர், ஆறாவதற்கப்புறம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். ஏழாவதற்கு 10 சதவீதம் எழுதினார். "இனிமேல் வெள்ளை வந்துதானே ஆக வேண்டும்?" என்று கேட்டார். பைக்குள் அப்போதும் நாலு வெள்ளை, ஆறு கறுப்புதான். வந்தது கறுப்பு. ஒரு பைசாகூட நிஜப் பணம் இல்லாத விளையாட்டில் அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். ஸ்டாப் லாஸ் பற்றி நான் ஒரு மாதம் பேசினாலும் அந்த அளவுக்குப் போய்ச் சேராது.

அப்புறம்தான் கணக்கு போட்டுக் காட்டுவேன். 40 சதவீத முறையில் 200 டிரேட் எடுத்தால், எட்டு நஷ்டம் அடுத்தடுத்து ஒருமுறையாவது வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றிலும் 1 சதவீதம் வைத்திருந்தால் அந்த எட்டில் முதலீட்டுத் தொகை சுமார் 8 சதவீதம் குறையும், தாங்கிக்கொள்ளலாம். 5 சதவீதம் வைத்தவருக்கு 34 சதவீதம் போயிருக்கும், பழைய இடத்துக்கு வர 51 சதவீதம் லாபம் வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன முறை என்னிடம் இரண்டு பேர் போனார்கள்.

மூணு_வகுப்பு:

மாணவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மூன்று இடத்தில் பணம் கட்டிப் படித்தேன். முதல் இரண்டு இடத்திலும் தினம் ஒரு லாப ஸ்கிரீன்ஷாட் வரும். ஒரு வருடக் கணக்கு அறிக்கை கேட்டேன், ஒரு இடத்தில் பதிலே இல்லை, இன்னொரு இடத்தில் என்னைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆசிரியர் அவருடைய அறிக்கையை முதலில் காட்டிவிட்டு என்னுடையதைக் கேட்டார். இரண்டு மணி நேரம் வரிவரியாகப் பார்த்தார். என் நஷ்டத்தில் பெரும்பகுதி, ஒரு டிரேட் தோற்று பத்து நிமிடத்துக்குள் எடுத்த அடுத்த டிரேடில்தான் இருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. அவர் புது முறை எதுவும் தரவில்லை, தோற்றால் அரை மணி நேரம் எழுந்து போகச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். நீங்கள் வகுப்பு எடுத்தால் இதைச் செய்யுங்கள். இதற்கு ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும்.

சார்ட்_மாணவன்:

பார்த்துவிட்டேன் அக்கா. 11ல் 6 வகுப்பு நாளிலேயே. மூன்று அதற்கு மறுநாள் காலை, வகுப்பில் நான் "இது பார்க்க நன்றாக இருக்கிறது" என்று சொன்ன அதே பங்குகளில். எட்டாவது டிரேடுக்குக் காரணம் என்ற இடத்தில் "நேற்று சொன்னேன்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதும்போது அது தப்பாகவே தோன்றவில்லை.

கட்டண வகுப்பை ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை பழைய ஒன்பது பேரில் வருகிறவர்களோடு, முடிந்த டிரேடுகளை மட்டும் வைத்து நடத்திப் பார்க்கப்போகிறேன். கட்டணம் வாங்கும்போது ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மணி வாங்கிவிட்டேன்.

பேரேடு:

நல்லது தம்பி. எல்லா மணியும் ஒரே அளவில், ஒரே வழவழப்பில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என்னுடைய முதல் பையில் வெள்ளை கொஞ்சம் பெரிசு, மூன்றாவது வகுப்பில் ஒருவர் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார்.