ஒன்றரைச் சாண் ஆட்டம், ஒரு சாண் வரி

முல்லைத்தீவில் அளம்பில் பக்கம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலம். அந்த மாதங்களில் எங்கள் கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கடலட்டை பிடிக்கப் போகிற மாமாவின் முகக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குப்புறக் கிடந்தேன்.

அடியில் மணல் நெளிதகரம் விரித்தது போல வரிவரியாக இருந்தது. ஒரு சாதாழைத் துண்டு, கடற்செடிதான், கரைப்பக்கம் போவதும் திரும்பி வருவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் அளந்தேன். ஆட்டம் ஒன்றரைச் சாண், வரிக்கு வரி ஒரு சாண். தற்செயல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் படித்தால், இந்த வகை வரிகளின் இடைவெளி தண்ணீர் ஆடும் தூரத்தில் ஏறக்குறைய 0.65 பங்காம்!

அலை மணலை உரசித்தான் இழுக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். உரசல் கொஞ்சம்தான். தண்ணீர் வரியின் முகத்தில் மோதி, முகட்டைத் தாண்டியதும் பிய்ந்து, பின்பள்ளத்தில் சுழியாக உருளுகிறது. முன்பக்கம் அழுத்தம் கூட, பின்பக்கம் குறைவு. அந்த வித்தியாசம்தான் வரியைத் தள்ளுகிறது. அலையின் உந்தம் பெரும்பாலும் இப்படித்தான் மணலுக்குள் இறங்குகிறது. தண்ணீர் திரும்பும்போது அந்தச் சுழி மணலோடு முகட்டுக்கு மேலே எகிறும். ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை கிளம்புவது போல இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்ததில் முதுகு வெந்துவிட்டது.

போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்துவிடாதா என்று கேட்பீர்கள். பெரும்பகுதி கழியும். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் கரைநோக்கிய தள்ளல் குறுகியது, பலமானது. திரும்பும் ஓட்டம் மெதுவானது, நீளமானது. அதனால் கொஞ்சம் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், பலத்த தள்ளலில் சுழி அள்ளிய மணலைத் திரும்பும் தண்ணீர் கடல்பக்கம் கொண்டுபோய்விடுவதும் உண்டு.

1904இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இயற்பியலாளர் ஹெர்த்தா அயர்ட்டன் வாசித்த கட்டுரை இந்த மணல்வரிகளைப் பற்றியதுதான். அங்கே தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் அவர்.

மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "தம்பி, காலுக்கு வரி தட்டுப்பட்டா கடல் நல்லபிள்ளை. வரி அழிஞ்சு வழுவழுப்பா கிடந்தா வள்ளத்தை மேல ஏத்து." சரிதான். பெரிய அலையில் வரிகள் கரைந்து, மணல் படுக்கையே தட்டையாக ஓடத் தொடங்கும்.

---

உங்கள் பதிவை வாசித்தேன். நான் வட்டுவாகல் ஊர். எங்கள் களப்பின் (கடலோர உப்புநீர் ஏரி) வாய் வெட்டுப்பட்டு நந்திக்கடல் தண்ணீர் ஓடும்போது வரி வேறு மாதிரி இருக்கும். ஒருபக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து. கடலுக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரே பக்கம் ஓடுகிற தண்ணீர் வேறு, ஆடுகிற தண்ணீர் வேறு என்று இப்போதுதான் விளங்குகிறது.

---

அண்ணா, மார்கழியில் அதே இடத்தில் இறங்கிப் பார்த்தீர்களா? நான் செம்மலையில் ஒருமுறை வாடைக்குள், அந்த வடகிழக்குக் காற்றுக் காலத்தில், இறங்கினேன். வரியைத் தேட எங்கே, நிற்கவே முடியவில்லை. செருப்பும் போய்விட்டது.