குமிழ் வைத்த மரப் புதிர்ப்பலகை: நீங்கள் பார்த்த கோளாறுகளை எழுதுங்கள்

பட்டறைக்காரன்:
ஒன்றரை, இரண்டு வயசுப் பிள்ளைக்கான பலகை ஒன்று ரிப்பேருக்கு வந்தது. வட்டம், சதுரம், முக்கோணம், மூன்றே துண்டு. வட்டத்தைத் தூக்கினால் குமிழ் மட்டும் கையோடு வருகிறது, வட்டம் குழியிலேயே கிடக்கிறது. குமிழைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்புப் பெயிண்ட் வட்டமாக ஒட்டியிருக்கிறது. துண்டில் அதே அளவுக்கு வெறும் மரம் தெரிகிறது. பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பெயிண்ட்தான் மரத்தை விட்டு உரிந்திருக்கிறது. பெயிண்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே ஃபெவிகால் வைத்து ஒட்டியதால் வந்த வினை. குமிழ் 20 மி.மீ. பிள்ளையின் தொண்டையில் அடைக்குமா என்று சின்னப் பாகம் சோதிக்கிற குழாயின் வாய் 31.7 மி.மீ. மூன்று வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கான சாமானில் அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் கழன்று வரக் கூடாது. இந்தக் குமிழ் அதில் தடங்கலே இல்லாமல் உள்ளே போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

சிற்றுளி:
நான் பார்த்தது ஸ்க்ரூ போட்டது. பின்பக்கத்திலிருந்து 9 மி.மீ. பிளைவுட் வழியாகக் குமிழுக்குள் ஏற்றியிருந்தார்கள். பிள்ளைகள் குமிழைத் திருகத்தான் செய்வார்கள். திருகத் திருகக் கழன்று, குமிழ் போய், ஸ்க்ரூ முனை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

சரியான வழி முழுக் குச்சி. 12 மி.மீ. குச்சிக்கு ஏற்றபடி, துண்டில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை துளை போடுங்கள். அடியில் பலகைத் துண்டு வைத்துத் துளைத்தால் பின்பக்கம் சிலும்பாது. குமிழையும் குச்சியையும் ஒரே கட்டையில் கடைந்து, குமிழுக்குக் கீழே குச்சியைவிட அகலமாகத் தோள் விடுங்கள். குச்சியின் அடிநுனியில் ரம்பத்தால் ஒரு கீறல். பசை தடவிச் செருகி, கீறலில் ஆப்பு அடித்து, நீட்டியதைச் சீவிவிடுங்கள். கீறல், துண்டின் ரேகைக்கு, அதாவது மர நார் ஓடும் திசைக்கு, குறுக்கே இருக்க வேண்டும். ரேகையோடு இருந்தால் ஆப்பு விரியும்போது துண்டே பிளந்துவிடும். பெயிண்ட் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

தேக்கு:
ஸ்க்ரூவே கூடாது என்பது அதிகம். பசையும் சேர்த்துப் போட்டால் கழலாது.

சிற்றுளி:
அந்த ஸ்க்ரூ குமிழின் நுனி ரேகையில், அதாவது நார் வெட்டுப்பட்டு முடிகிற முகத்தில்தானே ஏறுகிறது நண்பரே? அங்கே மரை நார் நாராக உதிரும், பசையையும் மரம் உறிஞ்சிவிடும். ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்புத் தரமான இஎன் 71-ல் 6 மி.மீ.க்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட 9 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. உங்கள் ஸ்க்ரூ குமிழில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

மழைக்காலம்:
வேறு ஒன்று. குழி வெட்டிய சட்டம் பிளைவுட், துண்டுகள் ரப்பர் மரம். மே மாசம் லேசாக விழுந்த வட்டம் ஐப்பசி மழையில் சிக்கிக்கொண்டது. அளந்தால் ரேகையோட்டத்தில் 90 மி.மீ., குறுக்கே ஏறக்குறைய 91. மரம் குறுக்கேதான் ஊதும். அதனால் வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. பிளைவுட் குழி அசையவே இல்லை. குழந்தை அதைப் பிடுங்கப் பார்த்துப் பலகையோடு தூக்கியது.

துண்டும் சட்டமும் இரண்டும் பிளைவுட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. முழு மரம்தான் வேண்டுமென்றால் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒரே பலகையில் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு ஓடும் ரம்ப மெஷின்) ஓட்டி வெட்டிய துண்டை அப்படியே அதன் குழியில் வைப்பவர்கள் கவனிக்க: பிளேடு தின்பது ஒரு மி.மீ. கூட வராது, அதிலும் பாதியைப் பெயிண்ட் அடைத்துவிடும். பிளேடு நுழைக்கும் 2 மி.மீ. துளையைக் கோட்டின் மூலையில் போடுங்கள், நடுவில் போட்டால் தழும்பு தெரியும்.

நிலா அம்மா:
வாங்கிய பலகையில் தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார்கள் போல. கொஞ்ச நாளில் சிக்கு வாடை. கழுவினால் சொரசொரப்பாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன்:
தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது அம்மா, ஈரமாகவே இருந்து கெட்டுப்போகும். நல்லெண்ணெயும் சரிப்படாது. சொரசொரப்புக்குக் காரணம் தண்ணீர் பட்டு நார் எழும்பியது. 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 320-ல் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அதன் பிறகு பிள்ளை வாயில் வைத்தாலும் அவ்வளவாக எழும்பாது.

பூச்சுக்கு அரக்கு நல்லது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருக்கிப் பூசி, தாழை மடலால் மெருகேற்றுவார்கள். அது உருண்டைச் சாமானுக்குத்தான் ஒத்துவரும். தட்டைத் துண்டுக்கு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசலாம். ஆளிவிதை எண்ணெய் என்றால் பச்சை எண்ணெய் கேட்டு வாங்குங்கள். ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் காய உலோகக் கலவை சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.