கலை ஆசிரியர் பணியிடம் கேட்கும்போது: விவரம் அறிந்தவர்கள் சொல்வது

பெற்றோர் குழு உறுப்பினர்:
“கலைக்கு முக்கியத்துவம் கொடுங்கள்” என்று மட்டும் மனு எழுதினால் ஆண்டு விழாவுக்கு ஒரு நடன மாஸ்டரை அனுப்பி முடித்துவிடுவார்கள். கணக்கோடு போங்கள். தொடக்கப் பள்ளியில் 14 பிரிவுகள், பிரிவுக்கு வாரம் 2 பாடவேளை என்றால் 28. ஒரு முழுநேர ஆசிரியருக்குப் போதுமான வேலை அது. இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். கூடவே, கடந்த 4 வாரங்களில் எத்தனை ஓவியப் பாடவேளையைக் கணக்கும் மொழிப்பாடமும் விழுங்கின என்று ஒரு தாள். பிள்ளைகளின் ஓவிய நோட்டில் தேதிகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும். நிதி ஒதுக்கீடு முடிவாகும் முன்பே மனு போய்ச் சேர வேண்டும். பிந்தினால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” தான்.

ஓவிய ஆசிரியர்:
“வகுப்பாசிரியரே வரையச் சொல்லித் தரலாமே?” என்று கட்டாயம் கேட்பார்கள். 7 வயதுப் பிள்ளை வீட்டை வரைந்தால், சுவரை ஊடுருவிக் கட்டிலும் அதில் படுத்திருக்கும் ஆளும் தெரியும். அந்த வயதுக்கு அது இயல்பு என்று கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே விளக்கியிருக்கிறார். பயிற்சி இல்லாதவர் அதைத் தப்பென்று அழித்துவிட்டு, பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன் போட்டுக் காட்டுவார். நாற்பது நோட்டிலும் அதே சூரியன்!

களிமண்ணும் அப்படித்தான். யானைக்குக் காதை வெறுமனே அழுத்தி ஒட்டினால் ஈரம் இருக்கும்வரை நிற்கும். மெல்லிய காது உடம்பைவிட வேகமாகக் காய்ந்து சுருங்கும், மறுநாள் உதிர்ந்து கிடக்கும். ஒட்டும் இடம் இரண்டையும் கீறி, களிமண் குழம்பு தடவி, ஈரத்துணி மூடி மெதுவாக உலரவிட வேண்டும்.

இசை ஆசிரியர்:
எங்கள் பாடத்தில் முதல் சிக்கல் சுருதி. கனத்த குரல்காரர் தன் தொண்டைக்குத் தோதாகப் பாடினால், சின்னப் பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். “பாட வராது” என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலருக்குச் சுருதியை ஏற்றினாலே போதும்.

கால அட்டவணையில் எல்லாக் கலையையும் ஒரே அச்சில் வார்க்கச் சொல்லாதீர்கள். பாட்டுக்கு வாரம் இரண்டு முறை 30 நிமிடம் நல்லது. வண்ணம் தீட்ட அது பற்றாது: எடுத்து வைக்க 10, கழுவ 10 போனால் மிச்சம் என்ன? அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 80 நிமிடம் ஒரே தொடர்ச்சியாகக் கேளுங்கள்.

பெற்றோர் குழு உறுப்பினர்:
இன்னும் இரண்டு. நியமன ஆணையில் “கலைப் பாடவேளையில் வேறு வகுப்பைக் கவனிக்க அனுப்பக் கூடாது” என்ற வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் யார் விடுப்பு எடுத்தாலும் முதலில் போவது ஓவிய ஆசிரியர்தான். ஒருவரை மூன்று பள்ளிக்குப் பங்கு போட்டால், பயண நேரத்தையும் பணி நேரமாகவே கணக்கிடச் சொல்லுங்கள்.

ஓவிய ஆசிரியர்:
தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டீர்களே. வகுப்பறைக்குள் குழாய் இல்லாவிட்டால், நாற்பது பிள்ளைகள் தூரிகை கழுவ வெளியே போய்த் திரும்புவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். குறைந்தது இரண்டு வாளியாவது மனுவில் எழுதுங்கள்.