காண்டம்ல தேங்காய் எண்ணெய் தடவலாமா?

புதுமாப்ள_தேனி:
கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு, குழந்தை இப்போதைக்கு வேணாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். காண்டம் ட்ரையா இருக்கு, எரியுதுன்னு வீட்டம்மா சொல்றாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் தேங்காய் எண்ணெய் தடவுடா, பயமா இருந்தா ரெண்டா போட்டுக்கோங்குறான். சரியா இது? நேர்ல கேக்க கூச்சம், ஓட்டாம சொல்லுங்க.

கொங்கு_குமார்:
காண்டமே எதுக்கு ப்ரோ, கடைசி நேரத்துல வெளிய எடுத்தா முடிஞ்சுது. இல்லன்னா பீரியட்ஸ் முடிஞ்சதும் ஒரு வாரம் சேஃப். நாங்க அப்படித்தான் ஓட்டுறோம்.

மெடிக்கல்_அண்ணாச்சி:
தம்பி எண்ணெய மட்டும் தொடாத. நம்ம கடைகள்ல வர்ற காண்டம் முக்கால்வாசி லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால், எண்ணெய் பட்டா சில நிமிஷத்துலயே வலு போயிடும், பாக்க நல்லாத்தான் இருக்கும் ஆனா நடுவுல கிழியும். வாசலின், பேபி ஆயிலும் அதே கதைதான். வழவழப்புக்கு வாட்டர் பேஸ்டு லூப்ரிகன்ட் ஜெல்னு கேளு, குடுப்பாங்க. ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு உரசி கிழிய வாய்ப்பு இருக்கு, ஒண்ணே போதும், நுனிய அமுக்கி காத்த எடுத்துட்டு போடு. பர்ஸ்ல மாசக்கணக்கா வச்சு சூடேறினத போடாத. கடைல ஆள் நின்னா தலைவலி மாத்திரை வாங்கிட்டுப் போயி, கூட்டம் கலைஞ்சதும் திரும்ப வர்றவங்கள தினமும் பாக்குறேன், அதுக்கெல்லாம் கூச்சமே படாதீங்கப்பா.

நர்ஸக்கா:
குமாரு, வெளிய எடுக்கிறத மட்டும் நம்பி இருக்குற ஜோடி நூறுல சுமார் இருபது பேருக்கு ஒரு வருஷத்துல கரு தங்கிடுது. விந்தணு உள்ள போனா 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், மாதவிடாய் சுத்து சின்னதா இருக்குற பொண்ணுக்கு பீரியட்ஸ் முடிஞ்ச சூட்டோட கருமுட்டை வந்துட்டா உன் கணக்கு அம்போதான். நோய் விஷயத்துல ரெண்டுமே சுத்தமா உதவாது.

தேனி தம்பி, அவசரப்படாம இருந்தாலே பாதி எரிச்சல் குறையும். ஜெல் போட்டும் எரிஞ்சா, அரிச்சா, அது ரப்பர் அலர்ஜியாவோ இன்ஃபெக்‌ஷனாவோ இருக்கலாம், லேடி டாக்டர்கிட்ட காட்டு. எப்பவாவது கிழிஞ்சுட்டா 72 மணி நேரத்துக்குள்ள அவசர கருத்தடை மாத்திரை, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அது கருவக் கலைக்காது, கருமுட்டை வர்றதத் தள்ளிப் போடும், அவ்ளோதான். நம்ம ஊர்ல நெறைய மெடிக்கல்ல அது கெடைக்கிறதில்ல, அதனால டாக்டர்கிட்ட போயிடு, 5 நாளுக்குள்ள கருப்பைல வைக்கிற காப்பர் டி போட்டாலும் வேலை செய்யும். ஹெச்ஐவி டெஸ்ட் ரெண்டு பேரும் எடுக்கணும்னா கவர்மென்ட் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசம், வெளிய சொல்ல மாட்டாங்க.

கொங்கு_குமார்:
அக்கா பயமுறுத்துறீங்க. வீட்டுல இந்த மாசம் ரெண்டு நாள் தள்ளிப் போயிருக்கு.

நர்ஸக்கா:
இன்னும் ஒரு வாரம் வரலன்னா கர்ப்பம் பாக்குற டெஸ்ட் கார்டு வாங்கி காலைல மொத யூரின்ல பாருங்க. அதுவரைக்கும் காண்டம்.

புதுமாப்ள_தேனி:
நன்றிக்கா, அண்ணாச்சி. எங்க தெரு மெடிக்கல் மாமனாரோட ஃப்ரெண்டு கடை, ஜெல்லுக்கு பஸ் ஏறித்தான் போகணும்.